பயணிகளின் கனிவான கவனத்திற்கு: ரயில் செயலி ஒன்று செய்கிறோம், எங்கே திணறுகிறீர்கள் என்று சொல்லுங்கள்

ஜன்னலோரம் (இழையைத் தொடங்கியவர்) · திங்கள், இரவு 9.12

வணக்கம். கோவையில் ஓர் இரும்புக் கடையின் மாடியில் உட்கார்ந்து நாங்கள் மூன்று பேர் ரயில் பயணிகளுக்கான செயலி ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறோம். டிக்கெட் எடுக்கும் செயலி அல்ல. அதற்கு ஐ.ஆர்.சி.டி.சி. 2002-லிருந்து இருக்கிறது, 2025 ஜூலையில் 'ரயில்ஒன்' செயலியும் வந்துவிட்டது. டிக்கெட் கைக்கு வந்த பிறகு, ஊர் போய்ச் சேரும் வரை உள்ள பகுதியைத்தான் நாங்கள் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

இதுவரை 14 திரைகள் வரைந்திருக்கிறோம். வண்டி எங்கே வருகிறது என்று காட்டும் வரைபடம், சாப்பாடு வரவழைக்கும் பக்கம், சக பயணிகளோடு உரையாடும் பக்கம், பயணக் குறிப்பேடு, இப்படி. வரைபடத்தில் ஒரு சின்ன எஞ்சின் பொம்மை தண்டவாளத்தில் ஊர்ந்து போகும். என் கூட்டாளி அதற்காக இரண்டு வாரம் செலவழித்தான். அழகாகவே இருக்கிறது.

பதினான்கையும் செய்து முடிக்கப் பணமும் இல்லை, ஆளும் இல்லை. ஆகவே கேட்கிறேன்: பயணத்தில் நீங்கள் உண்மையில் தடுமாறும் இடம் எது? வண்டி தாமதம் என்று திட்டுவதற்கு இந்தக் களத்தில் ஏற்கெனவே நிறைய இழைகள் உண்டு. இதை அதற்குப் பயன்படுத்த வேண்டாம்.

மூன்றாம் மணி · திங்கள், இரவு 9.40

திட்ட வேண்டாம் என்று முதலிலேயே வாயைக் கட்டிவிட்டீர்கள். சரி. இன்னொரு செயலி எதற்கு? என் கைபேசியில் ஏற்கெனவே ரயிலுக்கு மட்டும் ஐந்து இருக்கின்றன. ஐந்துக்கும் ஐந்து கடவுச்சொல்.

கரிசல்காட்டான் · திங்கள், இரவு 10.25

நடந்ததைச் சொல்கிறேன். அம்மாவுக்கு 68 வயது. தென்மாவட்டத்தில் ஒரு சிறு நிலையத்தில் ஏறி சென்னையில் தங்கை வீட்டுக்குப் போக வேண்டும். நான் புணேயில் இருக்கிறேன். டிக்கெட் நான்தான் எடுத்தேன். எஸ்7, கீழ் பெர்த். எல்லாம் சரி.

அந்த நிலையத்தில் வண்டி நிற்பது இரண்டே நிமிடம். எஸ்7 முன்பக்கம் வரும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அம்மா முன்னால் போய், முறுக்கு டின்னையும் துணிப்பையையும் கீழே வைத்துவிட்டு நின்றிருக்கிறார். அன்றைக்கு வண்டி தலைகீழாகக் கோக்கப்பட்டு வந்தது. எஸ்7 பின்பக்கம். 22 பெட்டி வண்டி. ஒரு பெட்டி ஏறத்தாழ 24 மீட்டர் என்றால் கூட்டிப் பாருங்கள், அரைக் கிலோமீட்டருக்கு மேல் வரும். முட்டி வலி உள்ளவர் அதில் பாதி தூரத்தைக்கூட இரண்டு நிமிடத்தில் கடக்க முடியாது. கிடைத்த பெட்டியில் ஏறி, ராத்திரி பத்து மணிக்குத் தூங்குகிறவர்கள் நீட்டிய கால்களையெல்லாம் தாண்டித் தாண்டி உள்ளேயே நடந்து போயிருக்கிறார். ஓடுகிற வண்டியில், இரண்டு பெட்டிகள் சேரும் இடத்தில் காலடித் தகடு ஆடுமே, அதைக் கடக்கும்போது டின்னைக் கீழே வைத்துவிட்டு முதலில் தான் தாண்டி, பிறகு யாரையோ எடுத்துக் கொடுக்கச் சொன்னாராம்.

இதில் வேடிக்கை, அன்று சாயங்காலத்திலிருந்து அந்தப் பயணம் குறித்து எனக்கு நான்கு குறுஞ்செய்திகள் வந்தன. எனக்கு. புணேயில். சார்ட் (யாருக்கு எந்த இடம் என்ற பட்டியல்) தயாராகிவிட்டது, சாப்பாடு வேண்டுமா, பயணம் இனிதாகட்டும், இன்னொன்று என்னவென்று நினைவில்லை. முன்பதிவின்போது ஓர் எண்தான் கேட்கிறார்கள், அதில் நான் என் எண்ணைக் கொடுத்தேன். டிக்கெட் எடுத்தவன் நான், பயணம் செய்தவர் அம்மா. உங்கள் 14 திரைகளில் அம்மா எந்தத் திரையில் இருக்கிறார் என்று தெரிந்துகொள்ள ஆசை.

ஜன்னலோரம் · திங்கள், இரவு 10.51

எந்தத் திரையிலும் இல்லை. உண்மையைச் சொல்கிறேன். அவரிடம் எந்த வகைக் கைபேசி இருக்கிறது?

கரிசல்காட்டான் · திங்கள், இரவு 10.58

பொத்தான் வைத்தது. எடுத்துப் பேசத் தெரியும். தங்கையின் எண்ணும் என் எண்ணும் 2, 3 என்ற பொத்தான்களில் இருக்கின்றன. குறுஞ்செய்தி பார்க்க மாட்டார். வந்தால் "கம்பெனிக்காரன்" என்பார்.

அட்டை டிக்கெட் · செவ்வாய், காலை 6.05

டிக்கெட் கவுன்ட்டரில் 34 ஆண்டுகள் இருந்தவன். அந்தத் தடித்த அட்டை டிக்கெட்டை இயந்திரத்தில் 'டக்' என்று செருகித் தேதி குத்திக் கொடுத்த காலத்திலிருந்து, கணினித் திரை வரை பார்த்துவிட்டு ஓய்வு பெற்றேன்.

கரிசல்காட்டான் தம்பிக்கு: பெட்டி வரிசை ஏன் மாறுகிறது என்று பலருக்கும் தெரியாது. வண்டி முகம் திரும்பும் நிலையங்கள் உண்டு. சென்னையிலிருந்து ஹவுரா போகும் கோரமண்டல் விசாகப்பட்டினத்துக்குள் போய், எஞ்சினைக் கழற்றி மறுமுனையில் மாட்டிக்கொண்டு வெளியே வரும். சென்னையில் எது முதல் பெட்டியோ அது ஹவுராவில் கடைசிப் பெட்டி. இது தினமும் நடப்பது, முன்கூட்டியே தெரிந்தது. இன்னொரு வகை, பராமரிப்புக்குப் போய்த் திரும்பும்போது ரேக், அதாவது பெட்டித் தொடர், மாறி வருவது, ஒரு பெட்டி பழுதாகி வேறு பெட்டி சேர்ப்பது. அது அன்றன்றைக்குத்தான் தெரியும். பெரிய நிலையங்களில் நடைமேடை விளக்குப் பலகை சொல்லிவிடும். சிறு நிலையத்தில் ஒலிபெருக்கி, அதுவும் இல்லாவிட்டால் டீக்கடைக்காரர்.

டீக்கடைக்காரரைக் குறைவாக எண்ண வேண்டாம். எஸ்7 எந்தத் தூணுக்கு நேராக நிற்கும் என்று அவருக்குத் தெரியும், ஏனென்றால் அவருடைய வியாபாரமே அந்த இரண்டு நிமிடம்தான். போர்ட்டர்களுக்கும் அப்படித்தான். எந்தச் செயலியும் இதுவரை அவர்கள் அளவுக்கு வரவில்லை.

இன்னொன்று. உங்கள் ஊர்ந்து போகும் எஞ்சின் பொம்மை தாமதத்தை எப்படிச் சொல்லப் போகிறது? கால அட்டவணையில் கடைசிக் கட்டத்தில் கொஞ்சம் கூடுதல் நேரம் வைத்திருப்பார்கள். நாங்கள் ரெக்கவரி டைம் என்போம். விழுப்புரத்தில் 40 நிமிடம் தாமதமாக இருக்கும் வண்டி எழும்பூருக்குள் நுழையும்போது 15 நிமிடத் தாமதத்தோடு வரலாம். '40 நிமிடம் தாமதம்' என்று செயலி காட்டியதை நம்பி, வரவேற்கப் போகிறவர் வீட்டில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருப்பார். வந்து இறங்கிய பாட்டி தனியாக நின்றுகொண்டிருப்பார்.

கோபுரம் · செவ்வாய், காலை 9.30

மென்பொருள் எழுதுகிறவன். வரைபடம் பற்றி ஒரு தொழில்நுட்பக் குறிப்பு.

'வேர் இஸ் மை டிரெயின்' செயலியைப் பலர் பயன்படுத்துகிறோம். பெங்களூருவில் ஒரு சிறு குழு செய்தது, 2018 டிசம்பரில் கூகுள் வாங்கிக்கொண்டது. அதன் கெட்டிக்காரத்தனம் வரைபடத்தில் இல்லை. கைபேசிக்கு இணையம் இல்லாவிட்டாலும், எந்தக் கைபேசிக் கோபுரத்தின் சிக்னலில் இருக்கிறோம் என்பது அதற்குத் தெரியும். பாதையோரக் கோபுரங்கள் எவை எவை என்ற பட்டியலைக் கைபேசியிலேயே வைத்துக்கொண்டு ஒப்பிட்டால், ஜி.பி.எஸ்.ஸும் வேண்டாம், இணையமும் வேண்டாம். 'மணியாச்சியைத் தாண்டிவிட்டோம்' என்று சொல்லிவிடலாம். ரயிலில் போகிற ஆளுக்கு இணையம் விட்டு விட்டுத்தான் வரும் என்பதை ஒப்புக்கொண்டு, அதிலிருந்து வேலையைத் தொடங்கினார்கள். எனக்குத் தெரிந்து இந்த நாட்டில் பயணிக்காகச் செய்த மிக நல்ல வடிவமைப்பு இதுதான்.

ஆனால் கவனியுங்கள், இது வண்டிக்குள் இருப்பவருக்குத்தான் இணையம் இல்லாமல் வேலை செய்யும். நடைமேடையில் காத்திருப்பவருக்கு வண்டியின் இடத்தை வேறு யாராவது சொல்லியாக வேண்டும். கரிசல்காட்டானின் அம்மா நடைமேடையில் இருக்கிறார்.

டோக்கியோவில் ஒருவன் · செவ்வாய், பிற்பகல் 1.15

இங்கே ரயில் நிலைய நுழைவாயிலில் 'சுய்கா' பயண அட்டையைத் தொட்டுவிட்டு நடந்துகொண்டே போவார்கள். நிற்கவே மாட்டார்கள். ஜே.ஆர். கிழக்கு ரயில் நிறுவனம் 2001 நவம்பரில் இதைக் கொண்டுவந்தது. அதற்கு முன் நடந்த சோதனைகளில் மக்களுக்கு அட்டையை எங்கே காட்டுவது என்றே தெரியவில்லை. சிலர் ஆட்டினார்கள், சிலர் நிமிர்த்திப் பிடித்தார்கள். இயந்திரத்துக்கோ அட்டை ஒரு கணமாவது அருகில் நிலையாக இருக்க வேண்டும். யமனாகா ஷுன்ஜி என்ற வடிவமைப்பாளர் மாதிரிகளைச் செய்து வைத்து, மக்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்தார். கடைசியில் தீர்வு, தொடும் இடத்தைப் பயணியை நோக்கி 13.5 பாகை சாய்த்து, ஒளியூட்டியது. அவ்வளவுதான். சாய்வாக இருந்தால் கை தானாக அங்கே போகிறது.

நான் சொல்ல வருவது, போய் நின்று பாருங்கள். இரும்புக் கடை மாடியில் உட்கார்ந்து 13.5 கிடைக்காது.

ஜன்னலோரம் · செவ்வாய், பிற்பகல் 2.02

குறித்துக்கொண்டேன். ஹூஸ்டன் விமான நிலையக் கதையும் நினைவுக்கு வருகிறது. பயணிகளின் சாமான் பெட்டி வரத் தாமதம் என்று புகார். விமானம் நிற்கும் வாயிலைத் தள்ளி வைத்து, பயணிகளை நீண்ட தூரம் நடக்கவிட்டார்களாம். நடந்து வந்து சேரும்போது பெட்டியும் வந்துவிட, புகார்கள் குறைந்துவிட்டன. காத்திருக்கும் நேரத்தை நிரப்புவதும் வடிவமைப்புதானே? அதனால்தான் உரையாடல் பக்கம், குறிப்பேடு எல்லாம் வைத்தோம்.

அட்டை டிக்கெட் · செவ்வாய், பிற்பகல் 3.20

தம்பி, அந்தக் கதையில் பெட்டி ஒரு நிமிடம்கூட முன்னதாக வரவில்லை. ஆளை நடக்கவிட்டுப் புகாரைக் குறைத்திருக்கிறார்கள். முட்டி வலிக்காரரை அதில் நிறுத்திப் பாருங்கள்.

தெம்பனிஸ் · செவ்வாய், மாலை 6.44

சிங்கப்பூரிலிருந்து. எங்கள் ஊரில் நடந்ததை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

இங்கே பேருந்து, எம்.ஆர்.டி. ரயில் இரண்டுக்கும் ஒரே அட்டை. பழைய அட்டையில் பணம் அட்டைக்குள்ளேயே பதிவாகியிருக்கும். தட்டியவுடன் எவ்வளவு எடுத்தார்கள், மீதி எவ்வளவு என்று கருவியிலேயே தெரியும். 'சிம்ப்ளிகோ' முறையில் கணக்கு தொலைவில் உள்ள கணினியில் இருக்கிறது, ஆகவே தட்டும்போது மீதித் தொகை காட்டாது. கைபேசியில் பார்த்துக்கொள்ள வேண்டும். 2024 ஜனவரி 9 அன்று, பழைய அட்டைகளை ஜூன் 1 முதல் நிறுத்தப் போகிறோம் என்று அறிவித்தார்கள். தொழில்நுட்பக் கண்ணால் பார்த்தால் புதிய முறையே மேல். அட்டை தொலைந்தாலும் பணம் போகாது, எங்கிருந்தும் நிரப்பலாம்.

ஊரே எழுந்தது. எல்லாரும் கேட்டது ஒன்றுதான்: என் மீதிப் பணம் ஏன் தெரியவில்லை? 13 நாள் கழித்து, 22-ஆம் தேதி, முடிவைத் திரும்பப் பெற்றார்கள். பழைய முறையைத் தொடர்ந்து நடத்த நான்கு கோடி வெள்ளி கூடுதலாக ஒதுக்கினார்கள்.

என் மாமியார் பேருந்தில் ஏறித் தட்டிவிட்டு, ஓட்டுநருக்குப் பக்கத்தில் ஒரு விநாடி நின்று அந்த எண்ணைப் படிப்பார். பிறகு என்னைத் திரும்பிப் பார்ப்பார், "இன்னும் எட்டு வெள்ளி இருக்கிறது" என்று அறிவிப்பார். மேசைமேல் படம் வரைந்துகொண்டிருப்பவருக்கு அது வீணான ஒரு விநாடி. அவருக்கோ அதுதான் பயணத்தின் பாதி நிம்மதி.

மூன்றாம் மணி · செவ்வாய், மாலை 7.10

இந்த இழையில் முதல் முறையாக ஒருவர் செயலியைக் குறைக்கச் சொல்லும் கதையைச் சொல்லியிருக்கிறார். நன்றி அம்மா.

தனிவழி · செவ்வாய், இரவு 8.35

வேலைக்காக மாதம் இரண்டு முறை இரவு ரயிலில் தனியாகப் போகிறவள். எனக்குக் குறையாகத் தெரிவது வேறு. முன்பெல்லாம் பெட்டிக் கதவருகே சார்ட் ஒட்டியிருப்பார்கள். ஏறுவதற்கு முன் விரலை வைத்துக்கொண்டே போய், என் பெயரைக் கண்டுபிடித்து, எட்டு பெர்த் சேர்ந்த அந்தத் தடுப்பில் மற்ற ஏழு பேர் யார் என்று பார்ப்பேன். இரண்டு பெண்கள் இருந்தால் நிம்மதி. எல்லாம் ஆண்கள் என்றால் பரிசோதகரிடம் இடம் மாற்றித் தரச் சொல்லிக் கேட்பேன், அதுவும் வண்டி கிளம்புவதற்கு முன்பே. 2018 மார்ச்சிலிருந்து பெரிய நிலையங்களில் அந்தத் தாளை நிறுத்திவிட்டார்கள். காகிதம் மிச்சம். எனக்குச் சொல்லப்பட்ட பதில், "எல்லாம் கைபேசியில் வந்துவிடுகிறதே" என்பது. என் இருக்கை எண் வருகிறது. அந்த ஏழு பேர் வருவதில்லை.

அட்டை டிக்கெட் · செவ்வாய், இரவு 9.02

அம்மா, நீங்கள் சொல்வது நியாயம். ஆனால் மறுபக்கமும் உண்டு. அந்தத் தாளில் உங்கள் பெயரும் வயதும் பெட்டிக்கு வெளியே ஊரறிய ஒட்டியிருந்தன. அதைப் படித்துவிட்டு, இந்தப் பெர்த்தில் தனியாக ஒரு பெண் வருகிறாள் என்று தெரிந்துகொண்டு சுற்றியவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். ஒருவனை நானே விரட்டியிருக்கிறேன்.

தனிவழி · செவ்வாய், இரவு 9.15

தெரியும் ஐயா. பெயர் வேண்டாம், வயது வேண்டாம். 'உங்கள் தடுப்பில் மூன்று பெண்கள், ஐந்து ஆண்கள்' என்ற ஒரு வரி போதும். உரையாடல் பக்கத்தை வைத்து யாரோ ஒரு முகம் தெரியாதவர் "வணக்கம், எஸ்4-ஆ?" என்று எனக்குச் செய்தி அனுப்பும் வசதியைச் செய்து வைத்திருக்கிறீர்களே, அதைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். அதை வரைந்தவர் ஆணாகத்தான் இருக்க வேண்டும்.

ஜன்னலோரம் · செவ்வாய், இரவு 9.33

மூன்று பேரும் ஆண்கள்தான். எடுத்துவிட்டோம். தடுப்பில் உள்ளவர்கள் பற்றிய தகவல் எங்களிடம் இல்லை, ரயில்வே கொடுத்தால்தான் உண்டு. ஆனால் கேட்டுப் பார்ப்பதற்கு இப்போது எங்களிடம் ஒரு வரி இருக்கிறது.

விரல்நுனி · புதன், காலை 7.48

எனக்குப் பார்வை இல்லை. திரைபடிப்பான் வழியாக இந்த இழை முழுவதையும் கேட்டேன்.

எஞ்சின் பொம்மை ஊர்வதை என் கைபேசி "பெயரிடப்படாத படம், பெயரிடப்படாத படம்" என்று படிக்கும். இது எல்லாச் செயலிகளிலும் உள்ளதுதான், கோபமில்லை. ஒரு முன்பதிவுத் தளத்தில் நெளிந்த எழுத்துகளைக் காட்டி "நீங்கள் மனிதர்தானா" என்று கேட்டது. ஒலிப் பொத்தானும் அங்கே இல்லை. நான் மனிதன் என்று நிரூபிக்கப் பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டேன்.

ரயில் பெட்டிக்குள் பெர்த் எண்களைப் பிரெய்லில் பொறிக்கத் தொடங்கியிருப்பது நல்ல காரியம். ஏறிவிட்டால் தடவித் தடவி என் இடத்துக்குப் போய்விடுவேன். ஆனால் எந்தக் கதவில் ஏறுவது என்பது யாரையாவது கேட்டால்தான் தெரிகிறது. கரிசல்காட்டானின் அம்மாவும் நானும் ஒரே இடத்தில்தான் நின்றுகொண்டிருக்கிறோம். எங்கள் இருவருக்கும் வேண்டியது திரை அல்ல, குரல்.

சென்னை மாநகரப் பேருந்துகள் சிலவற்றில் அடுத்த நிறுத்தத்தின் பெயரை ஒலிபெருக்கியில் சொல்லுகிறார்கள். பார்வை உள்ள நண்பன் ஒருவன், "இந்தச் சத்தம் எதற்கு" என்றான். இரண்டே வாரத்தில் அவன் கைபேசியிலிருந்து தலையை நிமிர்த்தாமலே இறங்கப் பழகிவிட்டான்.

மெய்ப்புப் பார்ப்பவர் · புதன், காலை 10.20

குரல் என்றதும் ஒரு விண்ணப்பம். தமிழைத் தமிழ் தெரிந்தவரிடம் கொடுத்து எழுதுங்கள். நான் வைத்திருந்த ஒரு செயலியில் 'தமிழ்' என்று தெரிவு செய்தேன். 'கோச்' என்பது 'பயிற்சியாளர்' ஆகிவிட்டது. "உங்கள் பயிற்சியாளர்: பி2." கரன்ட் புக்கிங் (வண்டி கிளம்பும் முன் மிச்சமிருக்கும் இடங்களைக் கொடுப்பது) என்ற இடத்தில் 'மின்சார முன்பதிவு'. நான் ஒரு நிமிடம் மின்சார ரயிலுக்கு மாறிவிட்டோமோ என்று யோசித்தேன். அன்றே ஆங்கிலத்துக்குத் திரும்பிவிட்டேன். இப்படித் திரும்பிப் போகிறவர்களைக் கணக்கெடுத்து, "தமிழை யாரும் பயன்படுத்துவதில்லை" என்று ஒருநாள் தமிழையே எடுத்தும் விடுவார்கள்.

வைகைக்கரை · புதன், பிற்பகல் 12.05

பேருந்துக்காரர்களையும் விடாதீர்கள். கிளாம்பாக்கம் முனையம் 2023 டிசம்பர் கடைசியில் திறந்த பிறகு, ஏறுமிடம் எது என்ற குழப்பம் எங்கள் வீட்டில் ஒரு தனி விவகாரமாகிவிட்டது. ஒரு தனியார் பேருந்தில் ஏறுமிடத்தை மாற்றிவிட்டுப் புறப்பட முக்கால் மணி நேரம் இருக்கும்போது செய்தி அனுப்பினார்கள். யாருக்கு? பணம் கட்டிய என் மருமகனுக்கு. அவர் அமெரிக்காவில் தூங்கிக்கொண்டிருந்தார்.

சாமக்கோழி · புதன், இரவு 11.50

ஏறுவதைப் பற்றியே பேசுகிறீர்கள், இறங்குவது? குளிர்சாதனப் பெட்டியில் மேல் பெர்த், அதிகாலை 3.40-க்கு இறங்க வேண்டும். கறுப்புக் கண்ணாடி வழியாக நிலையத்தின் பெயர் தெரியாது. இரண்டு மணியிலிருந்தே விழித்துக்கொண்டு கிடப்பேன்.

ரயில்வே உதவி எண் 139-க்கு அழைத்தால், இறங்கும் நிலையம் நெருங்கும்போது எழுப்பிவிடும் வசதி பல வருடங்களாக இருக்கிறது. எந்தக் கைபேசியாக இருந்தாலும் போதும். பெட்டியில் அக்கம்பக்கத்தில் இருந்த எட்டு பேரைக் கேட்டேன், ஒருவருக்கும் தெரியாது. புதிதாக ஒன்றைக் கண்டுபிடிப்பதற்கு முன், இருப்பதைச் சொன்னாலே பாதி வேலை முடிந்துவிடும்.

கோபுரம் · வியாழன், காலை 8.55

நேற்று முழுவதும் யோசித்தேன். அம்மாவுக்கு அன்றைய பெட்டி வரிசையை யார் சொல்வது? அதே வண்டியில் முந்தைய நிலையங்களில் ஏறி உட்கார்ந்துவிட்டவர்கள் சொல்லலாம். செயலி வைத்திருக்கும் பயணியிடம், வண்டி கிளம்பியதும் ஒரே கேள்வி: "உங்கள் பெட்டி எது? எஞ்சின் உங்களுக்கு முன்னாலா, பின்னாலா, எத்தனை பெட்டி தள்ளி?" மூன்று பேர் ஒரே மாதிரி சொன்னால் நம்பலாம். அடுத்த நிலையங்களுக்கெல்லாம் வரிசை கிடைத்துவிடும். பிறகு கணினி அம்மாவின் பொத்தான் கைபேசியை அழைத்துப் பேசும். வண்டிக்குள் இருப்பவரின் கண், நடைமேடையில் இருப்பவருக்கு.

அட்டை டிக்கெட் · வியாழன், காலை 9.40

எஞ்சின் எத்தனை பெட்டி தள்ளி என்று பாதிப் பேருக்குத் தெரியாது. "பக்கத்துப் பெட்டி எஸ்6-ஆ எஸ்8-ஆ, எது எஞ்சின் பக்கம்" என்று கேளுங்கள். கழிப்பறைக்குப் போகிறவர் பார்த்துச் சொல்லிவிடுவார். நடுவில் முகம் திரும்பும் நிலையம் இருந்தால் வரிசையைப் புரட்டிப் போட மறக்காதீர்கள். எந்த வண்டி எங்கே திரும்பும் என்ற பட்டியலை நான் கையால் எழுதித் தருகிறேன். நினைவில் இருக்கிறது.

ஜன்னலோரம் · ஞாயிறு, மாலை 5.30

மூன்று நாள் இங்கே வராததற்கு மன்னிக்கவும். கரிசல்காட்டானின் அம்மா ஏறும் சாத்தூர் நிலையத்துக்குப் போயிருந்தோம். டோக்கியோ நண்பர் சொன்னபடி, நின்று பார்க்க.

நடைமேடையின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை நாடா பிடித்து அளந்தோம். விளக்குக் கம்பங்கள், தண்ணீர்க் குழாய், உட்காரும் பெஞ்சுகள், மரங்கள், எல்லாவற்றையும் ஒரு தாளில் குறித்தோம். இரவு வண்டிகள் வரும்போது ஒவ்வொரு பெட்டியும் எதற்கு நேராக நிற்கிறது என்று எழுதினோம். அங்கே சேவு விற்கும் பெரியவர் ஒருவர், நாங்கள் இரண்டு ராத்திரி அளந்து கண்டுபிடித்ததை எங்கள் தாளைப் பார்க்காமலே சொன்னார். ஒரு கம்பம்கூடத் தவறவில்லை. அட்டை டிக்கெட் ஐயா, உங்கள் பேச்சு பலித்தது. அவரிடம் அரைக் கிலோ சேவு வாங்கினோம்.

பதினான்கு திரைகளில் பன்னிரண்டு போய்விட்டன. மிச்சம் இரண்டு. ஒன்றில் டிக்கெட் எடுத்தவர், 'பயணம் செய்பவரின் எண்' என்ற கட்டத்தில் எண்ணைக் கொடுப்பார். இன்னொன்று வண்டிக்குள் இருப்பவரிடம் கேட்கும் அந்த ஒரு கேள்வி. திரைபடிப்பானில் இரண்டும் சரியாகப் படிக்கின்றன. எஞ்சின் பொம்மையைக் கூட்டாளி தன் கணினியின் முகப்பில் வைத்துக்கொண்டான். இரண்டு நாளாக என்னிடம் சரியாகப் பேசவில்லை.

அம்மாவுக்குப் போகும் அழைப்பின் வாசகம் இது. வண்டி முந்தைய நிலையத்தை விட்டதும் போகும். திருத்தித் தாருங்கள்:

"வணக்கம். உங்கள் ரயில் இன்னும் இருபது நிமிடத்தில் வரும். உங்கள் எஸ்7 பெட்டி வண்டியின் பின்பகுதியில் உள்ளது. தயவுசெய்து நடைமேடையின் பின்பகுதிக்குச் செல்லவும்."

மெய்ப்புப் பார்ப்பவர் · ஞாயிறு, மாலை 5.52

'செல்லவும்' என்பது அறிவிப்புப் பலகை. பேசுகிற குரல் 'போய் நில்லுங்கள்' என்று சொல்லட்டும்.

அட்டை டிக்கெட் · ஞாயிறு, மாலை 6.10

நடைமேடைக்குப் பின்பகுதி எது தம்பி? வண்டி வராதபோது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

கரிசல்காட்டான் · ஞாயிறு, இரவு 8.47

அம்மாவுக்கு நானே தொலைபேசியில் படித்துக் காட்டினேன். முழுதும் கேட்டுவிட்டு, "பின்னாலென்றால் வடக்கேயா தெற்கேயா?" என்றார். எங்கள் ஊரில் அடுப்பங்கரையில் உப்பு டப்பாவைக்கூடத் தெற்கே நகர்த்தி வை என்றுதான் சொல்வோம். தெற்கே என்று சொன்னேன். "தெற்கே என்றால் அந்த வேப்ப மரத்துக்கிட்ட. அப்படிச் சொல்ல வேண்டியதுதானே" என்றார். அப்புறம், ஒரு தடவை சொன்னால் கேட்காது, டின்னைக் கீழே வைத்துவிட்டுத்தான் போனை எடுப்பேன், அதற்குள் பாதி போய்விடும் என்றும் சொல்லச் சொன்னார்.

ஜன்னலோரம் · ஞாயிறு, இரவு 11.20

மாற்றியாயிற்று. இப்போது இப்படி:

"வணக்கம் அம்மா. உங்கள் ரயில் இன்னும் இருபது நிமிடத்தில் வரும். உங்கள் பெட்டி எஸ்7. தெற்கே, வேப்ப மரத்துக்கு நேராக நிற்கும். அங்கே போய் நில்லுங்கள். இன்னொரு முறை சொல்கிறேன்."

சாத்தூருக்குக் கம்பமும் மரமும் குறித்துவிட்டோம். உங்கள் ஊர் நிலையத்தில் எது எங்கே இருக்கிறது என்று எழுத முன்வருபவர்கள், நடைமேடை எண், திசை, அடையாளம் என்ற வரிசையில் இதே இழையில் எழுதுங்கள். சேவு விற்பவர் இருந்தால் முதலில் அவரைக் கேளுங்கள்.

சாமக்கோழி · ஞாயிறு, இரவு 11.58

கோவில்பட்டி, நடைமேடை ஒன்று. நாளை ராத்திரி போகிறேன். நாடா யாரிடம் இருக்கிறது?